பரண், பத்தாயம், கொல்லைக் கொட்டகை: சேர்ந்து கிடக்கும் சாமானை எப்படிக் கழிப்பது?

திருவையாறு_திண்ணை:
தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று எந்த மாவட்டத்தில் பழைய ஓட்டு வீட்டைத் திறந்தாலும் ஒரே காட்சிதான். பரண் முழுக்கப் பித்தளை. ரேழியில் மரப்பெட்டி. கூடத்து மூலையில் நெல்லைப் பார்த்து வருஷக்கணக்கான பத்தாயம். கொல்லையில் ஏர்க்கால், நுகத்தடி, தாம்புக்கயிறு. இதற்கெல்லாம் மேலே இனிப்புக் கடை பிளாஸ்டிக் டப்பாக்கள்.

வீட்டுப் பெரியவர்களைக் கஞ்சம் என்று திட்டுவதால் ஒரு டப்பாகூடக் குறையாது. இந்தச் சாமான் எந்த வேலைக்காக வந்தது என்று பாருங்கள். கல்யாணம், வளைகாப்பு, திவசம் எல்லாம் முற்றத்தில் பந்தல் போட்டு நடந்தபோது 200 பேருக்குச் சமைக்கும் அண்டாவும் கங்காளமும் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். இப்போது மண்டபம் இருக்கிறது, சமையல்காரர் பாத்திரத்தோடு வருகிறார். நெல் களத்திலிருந்தே கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. மாடு இல்லை, தவிட்டுத் தொட்டி இருக்கிறது. வேலை வீட்டை விட்டுப் போய்விட்டது, அதன் சாமான் மட்டும் தங்கிவிட்டது.

அதனால் சாமான் சாமானாக எடுத்து யோசிக்காதீர்கள். ஒரு தாளில் வேலைகளை எழுதுங்கள்: விருந்துச் சமையல், நெல் சேமிப்பு, மாடு, கை அரைப்பு, கிணறு, விறகடுப்பு, உழவு. ஒவ்வொன்றின் எதிரிலும் இரண்டு கேள்வி. இந்த வீட்டில் கடைசியாக எப்போது நடந்தது? அடுத்த இரண்டு வருஷத்தில் நடக்குமா? நடக்காது என்றால் அந்த வேலையின் மொத்தச் சாமானும் சேர்ந்தே போகலாம். நடக்கும் என்றால் எந்த அளவுக்கு என்று கணக்குப் போடுங்கள். பொங்கலுக்கு 25 பேர் கூடுவார்கள் என்றால் அதிகபட்சம் 3 கிலோ அரிசி. வடித்துக் கொட்ட 20 லிட்டர் தவலை ஒன்று போதும். அதற்கு மேல் இருக்கும் ஆறு அண்டாவுக்கு அந்த வீட்டில் வேலை கிடையாது.

மன்னை_மேல்வீதி:
திண்ணை ஐயா சொன்னது சரி. ஆனா தாளில் எழுதி முடிச்சதும் நம்ம ஆளுங்க செய்யற தப்பு ஒண்ணு இருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில பரண்ல இருக்கறதை மொத்தமா கீழே இறக்கிடுவாங்க. மதியம் கூடத்துல நடக்க இடம் இருக்காது. சாயங்காலம் இடுப்பு விட்டுப் போயிடும். ராத்திரி எட்டு மணிக்கு எல்லாத்தையும் தூசி தட்டித் திரும்ப மேலேயே ஏத்திடுவாங்க. ஒண்ணு கூட வெளியே போயிருக்காது. அதுக்கப்புறம் அஞ்சு வருஷத்துக்கு அந்தப் பேச்சே எடுக்க மாட்டாங்க.

பாய்க் கணக்கு வச்சுக்குங்க. கூடத்துல ஒரு பாயை விரிங்க. அந்தப் பாயில கொள்ளற அளவுக்குத்தான் ஒரு தடவை இறக்கணும். பாய் காலியாகாம அடுத்த சாமான் பரணை விட்டு இறங்கக் கூடாது. ஒரு பாய்க்கு ரெண்டு மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு ரெண்டு பாய்க்கு மேல வேண்டாம். மூணாவது பாய்ல மூளை களைச்சுப் போய் "இருக்கட்டும், இருக்கட்டும்"னே சொல்லும்.

இன்னொண்ணு, எடைக்கு எடுக்கிற வண்டிக்காரர்கிட்ட நாள் பேசி வச்சுட்டுத்தான் பாயையே விரிக்கணும். "கொடுக்கணும்"னு கட்டி வச்ச மூட்டை ரேழியில பதினஞ்சு நாள் உட்கார்ந்தா யாராவது பிரிச்சுப் பார்ப்பாங்க. பிரிச்சா பாதி உள்ளே வந்துடும்.

பரண் ஏறும்போது ரெண்டு பேர் வேணும். பலகையை முதல்ல கம்பால தட்டிப் பாருங்க. கறையான் தின்ன பலகை மேல பார்க்க நல்லாத்தான் இருக்கும், தட்டினா பொத்துனு சத்தம் வரும். அதுல கால் வைக்காதீங்க. மூக்குக்குத் துணி போதாது, நல்ல முகக்கவசம் போடுங்க. எலிப்புழுக்கை காய்ஞ்சு கிடந்தா விளக்குமாறால கூட்டவே கூடாது, தூசியாப் பறந்து மூச்சுல போகும். பிளீச்சிங் பவுடர் கரைச்ச தண்ணியைத் தெளிச்சு, கொஞ்ச நேரம் ஊற விட்டு, ஈரத்துணியால வழிச்சு எடுங்க.

கொல்லைக் கொட்டகைக்கு இன்னும் ஜாக்கிரதை. விறகு, ஓலை, ஓட்டுக் குவியல் எதுலயும் வெறுங்கையை விடாதீங்க. நீளக் கம்பால புரட்டி, கொஞ்ச நேரம் விட்டு, அப்புறம் எடுங்க. கட்டுவிரியன் கடிச்சா பெரிசா வலியோ வீக்கமோ தெரியாது, அதனாலயே சின்னப் பூச்சினு விட்டுடுவாங்க. சந்தேகம்னாலே ஆஸ்பத்திரிதான். பொழுது சாஞ்ச பிறகு அந்த வேலை வேண்டாம்.

குடந்தை_பாத்திரம்:
பித்தளையைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான். பரணில் இருப்பதை எல்லாம் "பித்தளை" என்று ஒரே சாக்கில் போட்டு எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அதில் நாலு உலோகம் இருக்கும்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். மஞ்சளாக இருக்கும், தட்டினால் சத்தம் சீக்கிரம் அடங்கும். வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும். விரலால் சுண்டினால் மணி மாதிரி நீண்டு ஒலிக்கும். கனமாக இருந்தாலும் கீழே விழுந்தால் விரிசல் விடும். செம்பு சிவப்பாக இருக்கும். மேலே கரி பிடித்திருந்தால் புளி வைத்து ஒரு ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள், தெரிந்துவிடும். செம்புக்கும் வெண்கலத்துக்கும் பித்தளையை விட விலை கூடுதல். மூன்றையும் கலந்து கொடுத்தால் பித்தளை விலைதான் போடுவார்கள்.

நாலாவது ஈயச்சொம்பு. பெயர்தான் ஈயம், நல்ல ரசச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. லேசாக நசுங்கியிருப்பதைப் பார்த்து அலுமினியம் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஈயப் பாத்திரம் செய்பவர் அதை உருக்கித் திரும்ப அடித்துக் கொடுப்பார். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும் என்பதால் வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் அடி போய்விடும். நல்ல சொம்புகள் பலவும் அப்படித்தான் ஓட்டையாகிப் பரணேறியவை. எதில் செய்தது என்று உறுதியாகத் தெரியாத சொம்பில் மட்டும் சமைக்க வேண்டாம். காரீயம் கலந்திருந்தால் உடம்புக்குக் கேடு.

விற்பதற்கு முன்:

வீட்டிலேயே எடை போட்டு எழுதி வையுங்கள். கொக்கித் தராசு ஒன்று வாங்கினால் போதும். பெரிய அண்டாவுக்கு, அதைத் தூக்கிக்கொண்டு மனிதர் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளலாம்.

இரும்பு வளையம், இரும்புக் கைப்பிடி இருந்தால் கழற்றிவிடுங்கள். கழற்றாவிட்டால் இரும்பின் எடையை விட அதிகமாகவே "கழிவு" என்று பிடிப்பார்கள். கைப்பிடி பித்தளைதானா என்று சின்னக் காந்தம் சொல்லிவிடும்.

குத்துவிளக்கை எடைக்குப் போடாதீர்கள். நாச்சியார்கோயில் வார்ப்பு விளக்கு தண்டு, தட்டு, பிரபை என்று பாகம் பாகமாகத் திருகிச் சேர்ப்பது. மரை தேய்ந்து ஆடுகிறது என்பதற்காகப் பரணுக்குப் போனது என்றால் அங்கேயே பட்டறையில் சரிசெய்து கொடுப்பார்கள்.

வைத்துக்கொள்ளும் பித்தளையில் சமைக்கப் போகிறீர்கள் என்றால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும். பூச்சு போன பாத்திரத்தில் புளி சேர்ந்த எதையும் வைக்கக் கூடாது, களிம்பு ஏறும். பூசுவதற்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பாத்திரம் இனி சமையல் சாமான் இல்லை. தண்ணீர் ஊற்றிப் பூப்போடும் சாமான். அப்படி எத்தனை வேண்டும் என்று முடிவு செய்யுங்கள், ஒன்று என்றால் ஒன்று.

வலங்கைமான்_வாசகி:
பாத்திரத்துல பெயர் வெட்டியிருக்கே, அதை விக்கலாமா? பாட்டி பேர் இருக்கும்போது மனசு வர மாட்டேங்குதுன்னுதான் எல்லா வீட்லயும் சொல்றாங்க.

குடந்தை_பாத்திரம்:
அம்மா, இதில் மனசு ஒரு பக்கம், பாத்தியதை ஒரு பக்கம். பெயரும் தேதியும் வெட்டியிருப்பது யார் கொண்டுவந்த சீர் என்பதற்கு அடையாளம். பாகம் பிரியாத வீடாக இருந்தால் பங்காளிகள், அத்தைமார் எல்லோருக்கும் படம் எடுத்து அனுப்பி, ஒரு மாதம் அவகாசம் கொடுத்து, "யாருக்கு வேண்டுமோ வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் விற்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு தவலைக்காகப் பத்து வருஷம் பேச்சு நின்றுபோகும்.

மனசுக்கு: அந்தப் பெயர் உள்ள பாத்திரங்களில் ஆக நல்லது ஒன்றை எடுத்து அன்றாடப் புழக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். பெயர் வெட்டிய இடத்தை மற்றவற்றில் கிட்டத்தில் படம் எடுத்து வையுங்கள். சாக்கில் இருக்கும் பதினைந்தை விட, தினமும் கையில் எடுக்கும் ஒரு சொம்பில் பாட்டி அதிகம் இருப்பார்.

தஞ்சை_மனநலம்:
மனசு வராததற்குக் காரணம் உண்டு. 1990-இல் கானமன், நெட்ச், தேலர் மூவரும் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் பாதிப் பேருக்குச் சாதாரண காப்பிக் குவளை கொடுத்தார்கள். குவளை கையில் இருந்தவர்கள் விற்கக் கேட்ட விலை, கையில் இல்லாதவர்கள் வாங்கச் சொன்ன விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சில நிமிஷம் கையில் இருந்த குவளைக்கே அப்படி. நாற்பது வருஷம் பரணில் இருந்த அண்டாவுக்கு எப்படி இருக்கும்?

இதை மாற்றக் கேள்வியை மாற்ற வேண்டும். "இது வேண்டுமா?" என்றால் பதில் எப்போதும் "இருக்கட்டும்". "இது நம்மிடம் இல்லை, கடையில் இருக்கிறது. இன்றைக்குக் காசு கொடுத்து வாங்குவோமா?" என்று கேளுங்கள்.

வயதானவர்களிடம் இந்த இரண்டு கேள்வியுமே வேண்டாம். அவர்களிடம் "இது யாருக்குப் போகணும்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விகள் பறிப்பது போல் இருக்கும். இது கொடுக்கும் அதிகாரத்தை அவர்கள் கையிலேயே வைக்கும். அவர்கள் ஊருக்குப் போயிருக்கும்போது வீட்டைக் காலி செய்வது மிகப் பெரிய தவறு. திரும்பி வந்ததும் நம்பிக்கை போய்விடும், மிச்சமிருப்பதை இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள்.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பரண் நிறைந்திருப்பது வேறு, நோய் வேறு. காலி பால் கவர், கிழிந்த செய்தித்தாள் போன்ற மதிப்பே இல்லாததைக்கூட விட முடியாமல் தவிப்பது, கட்டிலிலும் அடுப்படியிலும் சாமான் ஏறி அந்த இடங்களைப் பயன்படுத்தவே முடியாமல் போவது, யாராவது தொட்டால் கடும் பதற்றம் வருவது என்றிருந்தால் அது பதுக்கல் நோயாக இருக்கலாம். 2013-இல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு அதைத் தனி நோயாகவே வகைப்படுத்தியது. அங்கே பாய்க் கணக்கு செல்லாது, மொத்தமாக அள்ளிப் போடுவது நிலைமையை மோசமாக்கும். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14416 என்ற டெலிமனஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

வேதை_உப்புக்காத்து:
எல்லாரும் கழிக்கறதைப் பத்தியே பேசறீங்க. கடலோரம் இருக்கற ஜனங்க ஏன் சேர்த்து வைக்கிறாங்கன்னும் பாருங்க. 2018 நவம்பர் 16 கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறினப்ப, பல கிராமத்துல வாரக்கணக்கா கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாது, மிக்ஸி ஓடாது. அன்னைக்கு அம்மி, அரிக்கேன் விளக்கு, கயிறும் வாளியும் இருந்த வீடுதான் சமாளிச்சுது. "எப்பவாவது உதவும்"ங்கறது இங்கே வெறும் பயம் இல்லை.

ஆனா அந்தப் பேரைச் சொல்லி பத்துத் தார்ப்பாய் வச்சிருக்கறதும் தப்புத்தான். நிவாரணத்துல வந்தது, அப்புறம் வாங்கினதுன்னு அடுக்கி வச்சிருப்பாங்க. வெயில் பட்ட தார்ப்பாய் மொடமொடன்னு ஆயிடும். மடிச்ச இடத்துல விரலால அழுத்துங்க, தூள் உதிர்ந்தா அது மழைக்கு நிக்காது. புயல் சாமானைத் தனியா ஒரு டிரம்ல போட்டு, அந்த டிரம் கொள்ளற அளவே எல்லைன்னு வைங்க: நல்ல தார்ப்பாய் ரெண்டு, நைலான் கயிறு 30 மீட்டர், டார்ச்சும் பேட்டரியும், அரிக்கேன் ஒண்ணு, அரிவாள், தீப்பெட்டி பாலிதீன்ல சுத்தி. குடிதண்ணி பிடிக்க மூடி போட்ட டிரம் தனியா ஒண்ணு. அம்மி இருக்கட்டும். வருஷா வருஷம் புரட்டாசியில பிரிச்சுப் பார்த்துப் பேட்டரி மாத்துங்க.

கொல்லையில கிடக்கற டயர், உடைஞ்ச குடம், தேங்காய் ஓடு இதெல்லாம் ஐப்பசிக்கு முன்னால போயே ஆகணும். டெங்குக் கொசு முட்டை பாத்திரத்தோட உள்சுவர்ல ஒட்டிக்கிட்டு, தண்ணி காய்ஞ்சாலும் மாசக்கணக்கா உயிரோட இருக்கும். கவுத்து வச்சா போதாது, உள்பக்கத்தை நார் போட்டுத் தேய்ச்சுட்டுத்தான் கவுக்கணும்.

திருவையாறு_திண்ணை:
ஏற்றுக்கொள்கிறேன். புயலும் ஒரு வேலைதான், அந்த வேலை இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாகை_பத்திரம்:
காகிதங்களைக் கடைசியாக எடுங்கள். முதலில் எடுத்தால் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்து நாள் போய்விடும். எடுக்கும்போது ஒரு பையைக்கூடப் பார்க்காமல் எடைக்குப் போடக் கூடாது. நம் பகுதியில் மஞ்சள் பையில் சுருட்டி வைத்த பழைய தாளில்தான் நிலமே இருக்கிறது.

என்றைக்கும் விடக் கூடாதவை: மூலப்பத்திரம், தாய்ப் பத்திரங்கள், பாகப்பிரிவினைப் பத்திரம், உயில், பட்டா, அடமானம் தீர்ந்த ரசீது, இறப்புச் சான்றுகள், வாரிசுச் சான்று. வில்லங்கச் சான்றை இணையத்தில் திரும்ப எடுக்கலாம் என்பதற்காக மூலப்பத்திரத்தை அலட்சியம் செய்யாதீர்கள், சான்றில் பதிவு விவரம்தான் இருக்கும்.

குத்தகை ரசீதுகள் தனி. நிலத்தைக் கொடுத்தவரோ சாகுபடி செய்பவரோ, யாராக இருந்தாலும் எத்தனை பழையதானாலும் வைத்திருங்கள். 1955 சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வழக்கு வந்தால் அந்தத் துண்டுச் சீட்டுதான் பேசும். கோயில் நிலம், மடத்து நிலம் என்றால் இன்னும் அதிகமாகவே.

போகலாம் என்பவை: கட்டி முடித்த பழைய மின் கட்டண அட்டைகள், காலாவதியான உத்தரவாத அட்டைகள், விற்றுவிட்ட வண்டியின் பணிமனை ரசீதுகள், கல்யாணப் பத்திரிகைகள். வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் உள்ளதை நாலாகக் கிழித்துத் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்து உரக்குழியில் போடுங்கள்.

வைப்பவற்றை ரப்பர் வளையம் போட்டுக் கட்டாதீர்கள், உருகித் தாளில் ஒட்டிக்கொள்ளும். குண்டூசி துருப் பிடித்து ஓட்டை போடும். பருத்தி நாடா போதும். பங்குனி, சித்திரையில் நிழலில் காற்றாட விட்டு, மூடி இறுகும் பெட்டியில் வைத்துத் தரையிலிருந்து மூன்றடிக்கு மேல் ஏற்றுங்கள். கறையானும் வெள்ளமும் கீழிருந்துதான் வரும்.

வலங்கைமான்_வாசகி:
பொட்டியில ஓலைச்சுவடிக் கட்டு கிடந்தா?

நாகை_பத்திரம்:
கயிற்றை அவிழ்க்காதீர்கள், வரிசை கலைந்தால் திரும்பச் சேர்ப்பது பெரும்பாடு. ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், எண்ணெய் தடவ வேண்டாம். பருத்தித் துணியில் சுற்றி, தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்திலோ தமிழ்ப் பல்கலைக்கழக ஓலைச்சுவடித் துறையிலோ காட்டுங்கள்.

உலோகச் சிலை ஏதாவது கண்டால் யாரிடமும் விலை பேசாதீர்கள். 1972 தொல்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேற்பட்ட சிலை, 75 வருஷத்துக்கு மேற்பட்ட சுவடி எல்லாம் தொல்பொருளில் வரும். அப்படிப்பட்ட சிலை வீட்டில் இருந்தால் பதிவு செய்ய வேண்டும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வீட்டைப் பிரித்துத் தோண்டும்போது மண்ணிலிருந்து கிடைத்தால் அது புதையல் சட்டத்தில் போகும், வட்டாட்சியரிடம் சொல்ல வேண்டும்.

திருபுவனம்_தறி:
துணிப்பெட்டிக்கு வர்றேன். பழைய பட்டுப்புடவையை எடைக்குக் கேக்கறவங்களுக்கு வேண்டியது பட்டு இல்லை, சரிகையில இருக்கற வெள்ளி. முந்தானை ஓரத்துல ஒரு சரிகை இழையை உருவி நகத்தால சுரண்டுங்க. உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிஞ்சா பெரும்பாலும் அசல் வெள்ளிச் சரிகை. வெள்ளை இழையோ நைலான் மாதிரியோ தெரிஞ்சா அசல் இல்லை. இதைத் தெரிஞ்சுக்காம விலை பேசாதீங்க. ரெண்டு மூணு பேர்கிட்ட விலை கேட்டுட்டுக் கொடுங்க.

வச்சுக்கறதை பிளாஸ்டிக் கவர்லேர்ந்து எடுங்க, ஈரம் அடைஞ்சு சரிகை கறுக்கும். பழைய பருத்தி வேட்டியில சுத்தி, மூணு மாசத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாத்தணும். இல்லேன்னா மடிச்ச கோட்டுலயே இத்துப்போயிடும். அந்துருண்டை துணியில நேரா படக் கூடாது. வசம்பும் காய்ஞ்ச வேப்பிலையும் சின்ன மூட்டையாக் கட்டி ஓரத்துல வைங்க.

தாம்பூலத்துல வந்த ரவிக்கைத் துணி பத்துக்கு மேல ஒரு வீட்ல இருக்க வேண்டிய அவசியமே இல்லை. 80 சென்டிமீட்டருக்குக் குறைஞ்சது ரவிக்கைக்குப் பத்தாது. அதைத் திரும்பத் தாம்பூலத்துல வச்சு இன்னொரு வீட்டுக்குத் தள்ளாதீங்க, அங்கேயும் பெட்டியிலதான் கிடக்கும். தலையணை உறை, பை தைக்கிறவங்ககிட்ட கொடுங்க.

மயிலை_மாயூரம்:
போகி வருகிறது என்று எல்லாவற்றையும் கொளுத்தக் காத்திருக்காதீர்கள். பழைய கோரைப்பாய், முறம், விளக்குமாறு உரக்குழிக்குப் போகட்டும். டயர், ரெக்சின், மின்கம்பி, நுரை மெத்தை எரித்தால் அந்தப் புகை தெருவில் உள்ள குழந்தை மூச்சில்தான் போகும். மார்கழியில் பனி இறங்கி நிற்கும்போது புகை மேலே போகவே போகாது. கம்பியில் செம்பு எடுக்கிறேன் என்று எரிப்பதும் வேண்டாம், உரிக்காத கம்பியையே எடைக்கு வாங்குவார்கள்.

2006-க்குப் பிறகு வந்த இலவசக் கலர் டிவி, 2011-க்குப் பிறகு வந்த இலவச மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி பழுதாகிப் பல வீட்டில் கிடக்கின்றன. டிவியின் படக்குழாய்க் கண்ணாடியில் காரீயம் இருக்கிறது. உடைத்துச் செம்புச் சுருளை மட்டும் உருவிக்கொண்டு கண்ணாடியை வாய்க்காலில் போடுவது கொடுமை. முழுசாகவே மின்னணுக் கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். குழல் விளக்கில் பாதரசம், அதை உடைக்காமல் அட்டையில் சுற்றித் தூய்மைப் பணியாளரிடம் சொல்லித் தனியாகக் கொடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியின் அமிலத்தைக் கீழே கொட்டாமல் அப்படியே பேட்டரிக் கடைக்குக் கொண்டுபோனால் பழசுக்கு விலை கழிப்பார்கள்.

மன்னை_மேல்வீதி:
பத்தாயத்தை யாரும் சொல்லலையே. கூடத்துல ஆக அதிக இடம் பிடிக்கிறது அதுதான். முழுசா நிலைவாசல்ல வெளியே வராது, உள்ளேயே கோத்தது. கோடாலி எடுக்காதீங்க, பிளந்த பலகைக்கு விறகு விலைதான். முதல்ல நாலு பக்கமும் படம் எடுத்து, ஒவ்வொரு பலகையிலும் சாக்பீஸால நம்பர் போடுங்க, எந்தப் பக்கம்னு ஒரு எழுத்தும் சேர்த்து. மூடியை எடுத்துட்டு, மூலையில இருக்கற ஆப்பை மரச்சுத்தியால கீழேர்ந்து தட்டித் தளர்த்தி, மேல் பலகையிலேர்ந்து வரிசையா உருவுங்க. மழைக்காலத்துல மரம் ஊறி இறுகியிருக்கும், வைகாசி ஆனியில லேசா வரும். அடிப்பலகையைப் புரட்டும்போது தேள் இருக்கும், செருப்புப் போட்டுக்குங்க. அடியில நெல்லோட காசும் விழுந்து கிடக்கும், தவிட்டைச் சலிச்சுட்டுக் கொட்டுங்க.